டான் கொசாக்குகளின் சால்ஸ்க் மாவட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்ய நாவல்களைத் தமிழில் படித்தவர்களுக்குக் கொசாக்குகள் அந்நியர் இல்லை. குதிரை, வாள், கம்பளித் தொப்பி என்று ஓர் உருவம் மனதில் பதிந்திருக்கும். ஆனால் அவர்களுடைய ஊர்களை யார் ஆண்டார்கள், நிலம் யாருக்குச் சொந்தம், பக்கத்து வீட்டில் யார் குடியிருந்தார்கள் என்று பேச்சு வந்தால் ஒரே மாதிரியான சந்தேகங்களே எழுகின்றன. அவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். டான் பிரதேசம் மிகப் பெரியது. அதனால் அதன் தென்கிழக்கு மூலையில் இருந்த சால்ஸ்க் மாவட்டத்தை மையமாக வைத்துக்கொண்டேன். கொசாக் ஆட்சிமுறையின் பலமும் பலவீனமும் அங்கே தெரிகிற அளவுக்கு வேறெங்கும் தெரியவில்லை என்பது என் எண்ணம்.

கொசாக் என்பது ஓர் இனமா, சாதியா, படைப்பிரிவா? கசக்ஸ்தான்காரர்களும் இவர்களும் ஒன்றா?

இல்லை. கசக்ஸ்தானின் கசக் மக்கள் துருக்கிய மொழி பேசும் தனி இனம். டான் கொசாக்குகள் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து டான் ஆற்றோரத்தில் கூடி வாழத் தொடங்கியவர்கள். பண்ணையடிமை முறையிலிருந்து தப்பி வந்த ரஷ்யர்களே அதிகம். உக்ரைனியர், தாத்தார்கள், கல்மிக்குகள் என்று பலரும் அவர்களோடு சேர்ந்தார்கள்.

ரஷ்யப் பேரரசில் ஒவ்வொரு குடிமகனும் ஏதாவது ஒரு பிறப்புவழி வகுப்பில் அடங்குவார்: பிரபு, மதகுரு, வணிகர், நகரவாசி, விவசாயி என்று. அந்த வரிசையில் கொசாக் என்பதும் ஒரு வகுப்பு. கொசாக்குக்கு நிலம் உண்டு, தலைவரி கிடையாது, ஊரைத் தானே நிர்வகித்துக்கொள்ளலாம். அதற்கு ஈடாக ஒவ்வோர் ஆணும் தன் குதிரையோடு படைச்சேவைக்குப் போக வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த ஒப்பந்தத்தின் மேல்தான் நிற்கின்றன.

சால்ஸ்க் மாவட்டம் எங்கே இருந்தது?

டான் ஆற்றின் இடக்கரையில், ஸால், மானிச் என்ற இரண்டு ஆறுகள் பாயும் புல்வெளியில். தெற்கே ஸ்தாவ்ரபோல், கிழக்கே அஸ்த்ரகான் மாகாணங்கள். இன்றைய ரஷ்யாவின் ரஸ்தோவ் மாநிலத்தில் புரோலெதார்ஸ்க், சால்ஸ்க், ஓர்லோவ்ஸ்கி, ஸிமோவ்னிகி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள பகுதி என்று வைத்துக்கொள்ளலாம். மழை குறைவு, மரங்கள் அபூர்வம், காற்று ஓயாது. உழவைவிட மேய்ச்சலுக்குத்தான் இந்த நிலம் பேர்போனது.

மாவட்டத் தலைமையிடம் வெலிகோக்னியாஜெஸ்கயா, அதாவது இன்றைய புரோலெதார்ஸ்க். சால்ஸ்க் என்ற நகரம் அப்போது தொர்கோவயா என்ற ரயில் நிலையமும் அதைச் சுற்றிய குடியிருப்பும்தான். மாவட்டத்தின் பெயரைப் பார்த்து அந்த நகரமே தலைமையிடம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பிற்காலத்து நிலைமை.

டான் படைப் பிரதேசத்தில் மொத்தம் எத்தனை மாவட்டங்கள்?

1888-லிருந்து முதல் உலகப் போர்வரை ஒன்பது. செர்க்காஸ்க், முதலாம் டான், இரண்டாம் டான், தொனேத்ஸ்க், ஹப்யோர், உஸ்த்-மெத்வேதீத்சா, சால்ஸ்க், ரஸ்தோவ், தகன்ரோக். 1918-இல் வ்யோஷென்ஸ்கயாவைத் தலைமையிடமாகக் கொண்டு மேல் டான் மாவட்டம் தனியாகப் பிரிந்தது.

இந்த ஒன்பதும் ஒரே தரத்தவை அல்ல. ரஸ்தோவ் பகுதியும் தகன்ரோக் நகரும் முன்பு யெகதெரினோஸ்லாவ் மாகாணத்தின் பகுதிகள். 1887-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1888 தொடக்கத்தில் டானோடு இணைக்கப்பட்டவை. துறைமுகங்கள், ஆலைகள், வணிகர்கள் நிறைந்த இடங்கள். அங்கே கொசாக்குகள் மிகக் குறைவு. மற்ற மாவட்டங்களில் மாவட்ட அத்தமான் இருந்தார் என்றால், இந்த இரண்டிலும் மாவட்டத் தலைவர் என்ற பதவிதான் இருந்தது. அத்தமான் என்பது கொசாக் தலைவருக்குரிய பட்டம். சால்ஸ்க் 1884-இல் உருவான மாவட்டம். அதற்கு முன்பு அது கல்மிக்குகளின் தனி நிர்வாகப் பகுதி.

மற்ற ரஷ்ய மாகாணங்களுக்கும் இதற்கும் நிர்வாகத்தில் என்ன வித்தியாசம்?

பெரிய வித்தியாசம், இது போர் அமைச்சகத்தின் கீழ் இருந்தது. சாதாரண மாகாணத்தில் ஆளுநர் உள்துறை அமைச்சகத்துக்குப் பதில் சொல்வார். டானில் பள்ளிக்கூடம் கட்டுவதானாலும் ஆற்றில் மீன்பிடி உரிமை கொடுப்பதானாலும் கடைசியில் கோப்பு போய்ச் சேருமிடம் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த கொசாக் படைகளின் தலைமை நிர்வாகம். 1910-இல் அது கலைக்கப்பட்டுப் படைத்தலைமையின் ஒரு பிரிவாக மாறியது.

இன்னொரு வித்தியாசம் பலருக்குத் தெரியாது. 1864-இல் ரஷ்யாவில் ஜெம்ஸ்த்வோ என்ற உள்ளாட்சி மன்றங்கள் வந்தன. சாலை, மருத்துவமனை, பள்ளி எல்லாம் அவற்றின் பொறுப்பு. டானில் அவை 1876-இல் வந்து 1882-இல் ஒழிக்கப்பட்டன. புதிய வரியைக் கட்ட கொசாக்குகளுக்கு விருப்பமில்லை. உடம்பாலும் குதிரையாலும் ஏற்கெனவே செலுத்துகிறோமே, இன்னும் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு, கொசாக்கும் கொசாக் அல்லாதவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பொதுக் காரியம் பேசுவதற்கு டானில் ஓர் இடமே இல்லாமல் போனது. எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது. பின்னால் வெளியூர்க்காரர்களைப் பற்றிப் பேசும்போது காரணம் தெரியும்.

அத்தமானைக் கொசாக்குகள் தேர்ந்தெடுப்பார்கள் என்று படித்தேனே, உண்மையா?

எந்த அத்தமான் என்பதைப் பொறுத்தது. ஆதியில் முழுப் படைக்கும் தலைவரான அத்தமானை 'குரூக்' என்ற பொதுக்கூட்டம் தேர்ந்தெடுத்தது. 1707–08-இல் கொந்திராத்தி புலாவின் தலைமையில் நடந்த கிளர்ச்சியைப் பீட்டர் பேரரசர் நசுக்கிய பிறகு அந்த உரிமை பறிபோனது. அதன் பிறகு படை அத்தமான் அரசரின் நியமனம்தான். 1827-லிருந்து எல்லாக் கொசாக் படைகளுக்கும் அத்தமான் என்ற பட்டம் பட்டத்து இளவரசருக்குச் சென்றது. டான் பிரதேசத்தின் தலைநகரான நோவோசெர்க்காஸ்கில் உட்கார்ந்து உண்மையில் ஆட்சி செய்தவர் 'நகாஸ்னி அத்தமான்', அதாவது நியமிக்கப்பட்ட அத்தமான். 1848-இல் அந்தப் பதவிக்கு வந்த மிகயீல் ஹமுத்தோவ் கொசாக்கே அல்ல. அவருக்குப் பின் வந்தவர்களில் பலரும் வெளியாட்கள்தான்.

மாவட்ட அத்தமானும் நியமனமே. தேர்தல் கிராம மட்டத்தில் மட்டும் மிஞ்சியது.

அப்படியானால் கிராம மட்டத்தில் தேர்தல் எப்படி நடந்தது?

கொசாக்குகளின் பெரிய ஊருக்கு ஸ்தனீத்சா என்று பெயர். அதைச் சுற்றியுள்ள சிற்றூர்கள் ஹூத்தர்கள். ஒரு ஸ்தனீத்சாவும் அதன் ஹூத்தர்களும் பொது நிலமும் சேர்ந்தது ஓர் அலகு. 1891-இல் வந்த ஸ்தனீத்சா நிர்வாகச் சட்டம் இதற்கெல்லாம் விதிமுறை வகுத்தது. சிறிய ஊரில் குடும்பத் தலைவர்கள் எல்லோரும் பேரவையில் உட்காரலாம். பெரிய ஊராக இருந்தால் பத்து வீட்டுக்கு ஒருவர் என்று பிரதிநிதி அனுப்ப வேண்டும்.

இந்தப் பேரவைதான் ஸ்தனீத்சா அத்தமானையும் அவருடைய உதவியாளர்களையும் பொருளாளரையும் நீதிபதிகளையும் தேர்ந்தெடுக்கும். நிலத்தைப் பங்கு போடுவது, பொதுத் தானியக் களஞ்சியம், பள்ளி, ஏழைக் கொசாக்குக்குக் குதிரை வாங்க உதவி என்று அன்றாட வாழ்க்கையின் பெரும்பகுதி அதன் கையில். சிறு வழக்குகளை ஸ்தனீத்சா நீதிமன்றம் விசாரிக்கும். தீர்ப்பு பிடிக்காவிட்டால் மேலே மரியாதைக்குரிய நீதிபதிகளின் மன்றத்துக்குப் போகலாம். பெண்களுக்குப் பேரவையில் இடமில்லை. ஆண்கள் வருடக்கணக்கில் சேவைக்குப் போயிருந்தபோது பண்ணையை நடத்தியவர்கள் அவர்களே என்றாலும்.

தேர்ந்தெடுத்தவர்களை மேலதிகாரிகள் அங்கீகரிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. அதையும் மீறி, அன்றைய ரஷ்ய விவசாயிகளோடு ஒப்பிட்டால் கொசாக்குகளுக்குத் தங்கள் ஊர் விஷயத்தில் நல்ல பிடி இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

மாவட்ட அத்தமானுக்கு என்னதான் வேலை? கலெக்டர் மாதிரியா?

கலெக்டர் வேலையோடு படையதிகாரி வேலையும் சேர்ந்தது. ஒரு பக்கம் காவல், ஒழுங்கு, ஸ்தனீத்சா நிர்வாகங்களின் மேற்பார்வை. இன்னொரு பக்கம் சேவைக்குரிய வயதினரின் பட்டியல், அவர்களுடைய குதிரை, சேணம், சீருடை சரியாக இருக்கிறதா என்ற சோதனை, பயிற்சி முகாம், போர் வந்தால் ஆட்களைத் திரட்டி அனுப்புவது. மாவட்டம் சில பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் 'ஸஸெதாத்தெல்' என்ற அதிகாரி போலீஸ் காரியங்களைப் பார்ப்பார்.

கொசாக் அல்லாத விவசாயிகள் தனிக் கிராமங்களாக வாழ்ந்த இடங்களில் ஸ்தனீத்சா கிடையாது. அங்கே மற்ற ரஷ்யாவைப் போல 'வோலஸ்த்' என்ற விவசாயிகள் நிர்வாகம். ஆக, ஒரே மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இரண்டு விதமான ஆட்சி நடந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மக்கள்தொகைக் கேள்விகள் எளிதாகப் புரியும்.

ஒரு கொசாக்குக்கு எவ்வளவு நிலம்? விற்கலாமா?

1835-ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் ஆணுக்கு 30 தெசியாத்தினா என்று கணக்கு வைத்தது. ஒரு தெசியாத்தினா ஏறக்குறைய 2.7 ஏக்கர். ஆக, சுமார் 80 ஏக்கர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அது அவருடைய சொத்து அல்ல. நிலம் ஸ்தனீத்சா சமூகத்தின் பொது உடைமை. 17 வயது நிரம்பிய இளைஞனுக்குப் பங்கு கிடைக்கும், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மறுபடியும் பங்கு பிரிப்பார்கள். விற்க முடியாது. குத்தகைக்கு விடலாம். பலரும் விட்டார்கள்.

மக்கள் பெருகப் பெருகப் பங்கு சுருங்கியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டானின் பல ஸ்தனீத்சாக்களில் அது சட்டம் சொன்ன அளவில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. சேவைச் சுமையோ அப்படிக் குறையவில்லை.

சேவைக்காலம் எத்தனை ஆண்டு? குதிரையை அரசு கொடுக்காதா?

1875-ஆம் ஆண்டு விதிப்படி மொத்தம் 20 ஆண்டு. 18 வயதில் மூன்றாண்டுத் தயாரிப்பு. பிறகு 12 ஆண்டு களப்பிரிவு, அதற்குப் பின் ஐந்தாண்டு இருப்புப் பிரிவு. களப்பிரிவின் 12 ஆண்டில் முதல் நான்கு ஆண்டு மட்டும் வீட்டை விட்டுப் போய் ரெஜிமெண்டில் இருக்க வேண்டும். மிச்ச எட்டு ஆண்டும் வீட்டிலிருந்தபடியே, கூப்பிட்டால் போகத் தயாராக. 1909-இல் தயாரிப்புக்காலம் ஓராண்டாகக் குறைந்தது.

துப்பாக்கியை அரசு கொடுக்கும். குதிரை, சேணம், வாள், உடுப்பு எல்லாம் வீட்டுச் செலவு. மகனைச் சேவைக்கு அனுப்புவதற்காகக் காளைகளை விற்ற குடும்பங்கள் உண்டு. போன பதிலில் சொன்ன நிலச் சுருக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் கொசாக்குகள் வசதியாக வாழ்ந்தவர்கள் என்ற பேச்சு எவ்வளவு அரைகுறையானது என்று தெரியும். இதற்கு மறுபக்கமும் உண்டு, வெளியூர்க்காரர்கள் பற்றிய கேள்வியில் வருகிறேன்.

சால்ஸ்க் மாவட்டத்தின் மக்கள்தொகை எவ்வளவு?

பேரரசின் ஒரே முழுமையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பான 1897-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 76,297. அதே ஆண்டில் டான் பிரதேசம் முழுவதிலும் 25,64,238 பேர். ரஸ்தோவ் நகரில் மட்டுமே 1,19,000-க்கு மேல். ஒரு நகரத்தின் மக்களைவிடக் குறைவானவர்கள் ஒரு பெரிய புல்வெளி மாவட்டம் முழுக்கப் பரவியிருந்தார்கள்.

பிரதேச அளவில் கொசாக்குகள் ஏறத்தாழ 40 விழுக்காடுதான். தங்கள் பெயரைத் தாங்கிய பிரதேசத்திலேயே அவர்கள் சிறுபான்மை. பெரும்பான்மையானவர்கள் விவசாயிகளும் நகரவாசிகளும் சுரங்கத் தொழிலாளரும். நிர்வாகமோ கொசாக்குகளை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டது. இந்தப் பொருத்தமின்மையை ஒருவர் கவனிக்கவில்லை என்றால் டானின் பிற்கால வரலாறு அவருக்குப் புதிராகவே இருக்கும்.

அந்தக் கணக்கில் எத்தனை ரஷ்யர், எத்தனை உக்ரைனியர்?

1897 கணக்கெடுப்பு இனத்தைக் கேட்கவில்லை. தாய்மொழி, மதம், வகுப்பு ஆகியவற்றைக் கேட்டது. எனவே மொழி எண்களைத்தான் சொல்ல முடியும். டான் முழுவதிலும் ரஷ்யன் பேசியவர்கள் சுமார் 17 லட்சம், அன்று சிறு ரஷ்யன் என்று பதிவான உக்ரைனிய மொழி பேசியவர்கள் சுமார் 7.2 லட்சம். ஜெர்மன் பேசியவர்கள் ஏறக்குறைய 35,000, கல்மிக் 32,000, ஆர்மீனியன் 27,000.

உக்ரைனியன் பேசியவர்கள் எல்லோரும் புதிதாக வந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். தகன்ரோக், தொனேத்ஸ்க் மாவட்டங்களில் இருந்தவர்களில் பலர், 1861-வரை டான் பிரபுக்களின் பண்ணையடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள். ஆம், கொசாக் நாட்டிலும் பண்ணையடிமை இருந்தது. கொசாக் அதிகாரிகள் பிரபுக்களாகி, அடிமைகளைக் குடியேற்றினார்கள். 1820-இல் மார்த்தினோவ்கா பகுதியில் அந்த விவசாயிகள் கிளர்ந்தெழுந்து படையால் அடக்கப்பட்டார்கள். விடுதலை தேடி ஓடிவந்தவர்களின் பேரன்மார் அடிமை வைத்திருந்தார்கள் என்பதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

கல்மிக்குகள் புத்த மதத்தவர். அவர்கள் எப்படிக் கொசாக்குகள் ஆனார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் சால்ஸ்கைத் தேர்ந்தெடுத்தேன். கல்மிக்குகள் மங்கோலிய மொழி பேசுபவர்கள், திபெத்திய மரபு பௌத்தர்கள். 17-ஆம் நூற்றாண்டில் மேற்கே நகர்ந்து வோல்கா கரைக்கு வந்தார்கள். அவர்களில் சில கூட்டங்கள் டான் பக்கம் வந்து கொசாக் படையோடு சேர்ந்தன. 1771-இல் வோல்கா கல்மிக்குகளில் பெரும்பகுதியினர் சீன எல்லைப்பக்கம் திரும்பிப் போனார்கள். டான் கல்மிக்குகள் இங்கேயே தங்கினார்கள். குதிரையேற்றத்தில் பிறவித் தேர்ச்சி உள்ளவர்களைப் படை விடுமா? 1812-இல் நெப்போலியனுக்கு எதிராகவும் அவர்கள் போரிட்டார்கள்.

முதல் பதிலில் சொன்ன ஒப்பந்தத்தை நினைத்துப் பாருங்கள். சேவை செய்தால் கொசாக். மதமும் மொழியும் அதற்குத் தடையில்லை. முதலில் உலூஸ் என்ற மூன்று பெரிய பிரிவுகளாகவும் அவற்றுக்குள் நூறுவர் பிரிவுகளாகவும் கல்மிக்குகள் நாடோடிகளாகவே வாழ்ந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் அந்த நூறுவர் பிரிவுகள் படிப்படியாக ஸ்தனீத்சாக்களாக மாறின. கடைசியில் சால்ஸ்கில் 13 கல்மிக் ஸ்தனீத்சாக்கள் இருந்தன. பிளாத்தோவ்ஸ்கயா, விளாசோவ்ஸ்கயா, கிராப்பெவ்ஸ்கயா, பொத்தாப்போவ்ஸ்கயா, தெனிசோவ்ஸ்கயா போன்றவை டான் அத்தமான்களின் பெயரால் அமைந்தவை. பாத்லாயெவ்ஸ்கயா, சூனுசோவ்ஸ்கயா, எர்கெத்தின்ஸ்கயா போன்றவை பழைய கல்மிக் பெயர்களைக் காப்பாற்றிக்கொண்டன.

அவர்களைக் கிறிஸ்தவத்துக்கு மாற்றவில்லையா? கோயில் கட்ட அனுமதி இருந்ததா?

மதமாற்ற முயற்சிகள் நடந்தன. மாறியவர்கள் சிலரே. கல்மிக் ஸ்தனீத்சாக்களில் ஹூருல் எனப்படும் பௌத்தக் கோயில் நடுநாயகமாக இருந்தது. மதகுருமாருக்குத் தலைவர் 'பாக்ஷா லாமா'. அந்தப் பதவியில் கடைசியாகப் புகழோடு இருந்தவர் மென்கோ போர்மான்ஜினோவ். 1903-லிருந்து 1919-இல் இறக்கும்வரை டான் கல்மிக்குகளின் லாமா அவரே.

கல்மிக் ஸ்தனீத்சாவில் ரஷ்யக் கொசாக்குகளும் சேர்ந்து வாழ்ந்தார்களா?

மாவட்டத்தில் ரஷ்யக் கொசாக் ஸ்தனீத்சாக்கள் தனியாக இருந்தன. தலைமையிடமான வெலிகோக்னியாஜெஸ்கயாவே அப்படிப்பட்ட ஊர். கல்மிக் ஸ்தனீத்சா நிலத்தில் வசித்த வேற்றினத்தார் பெரும்பாலும் கொசாக் அல்லாதவர்கள்: குத்தகைக்கு உழுதவர்கள், கடை வைத்தவர்கள், கொல்லர், தச்சர்.

இந்த வெளியூர்க்காரர்கள், 'இனகரோத்னி' என்கிறார்களே, யார் அவர்கள்?

கொசாக் நிலத்தில் வாழ்ந்த, கொசாக் வகுப்பில் சேராத எல்லோரும். 1868-இல் வந்த ஒரு சட்டம் கொசாக் ஊர்களில் வெளியாட்கள் வீடும் கட்டடமும் வாங்க வழி திறந்தது. வரோனெஷ், ஹார்கிவ் போன்ற மாகாணங்களிலிருந்து நிலமில்லாத விவசாயிகள் வந்து குவிந்தார்கள். 1890-களின் இறுதியில் திகரேத்ஸ்கயா–ஸாரித்சின் ரயில்பாதை சால்ஸ்க் புல்வெளியைக் குறுக்கே கடந்தபோது வருகை இன்னும் கூடியது.

வீடு அவர்களுடையது, வீடு நிற்கும் மனை ஸ்தனீத்சாவுடையது. மனைக்கு ஆண்டுதோறும் கட்டணம். மாடு மேயவும் கட்டணம். உழ வேண்டுமென்றால் குத்தகை. ஊரை ஆளும் பேரவையோ கொசாக்குகளுடையது. இரண்டு தலைமுறை அதே ஊரில் வாழ்ந்தாலும் வெளியூர்க்காரன் என்ற பெயர் போகாது. சேவைச் சுமையில் திணறிய ஒரு கொசாக்கின் கண்ணுக்கு இவர்கள் கடமையில்லாமல் நிலத்தைத் தின்பவர்கள். இவர்கள் கண்ணுக்கு அவன் உழைக்காமல் குத்தகை வாங்கும் எஜமான். இருவருக்கும் தங்கள் பக்கம் நியாயம் இருந்தது. இருவர் பேச்சையும் கேட்க ஒரு பொது மன்றம்தான் இல்லை. ஜெம்ஸ்த்வோ ஒழிந்ததை மேலே நான் இழப்பு என்று சொன்னதற்கு இதுவே காரணம்.

மார்ஷல் புத்யோன்னி இந்த மாவட்டத்துக் கொசாக்தானே?

மாவட்டம் சரி, கொசாக் இல்லை. செம்யோன் புத்யோன்னி 1883-இல் பிளாத்தோவ்ஸ்கயா ஸ்தனீத்சாவின் கோஸ்யூரின் ஹூத்தரில் பிறந்தார். அவர் குடும்பம் வரோனெஷ் மாகாணத்திலிருந்து வந்த வெளியூர்க் குடும்பம். கல்மிக் கொசாக்குகளின் நிலத்தில் வாழ்ந்த ஏழைகள். 1917 புரட்சிக்குப் பிறகு போல்ஷெவிக்குகள் அமைத்த செம்படையின் புகழ்பெற்ற முதல் குதிரைப்படையை உருவாக்கியவர், கொசாக் ஊரில் உரிமையில்லாமல் வளர்ந்த பையன்.

அவரோடு தோளோடு தோள் நின்ற ஓக்கா கரதொவிக்கோவ் இதே மாவட்டத்தின் மோக்ரயா எல்முத்தா ஹூத்தரில் பிறந்த கல்மிக். எனவே வெளியூர்க்காரர் எல்லாம் சிவப்பு (செம்படைப் பக்கம்), கல்மிக் எல்லாம் வெள்ளை (அதை எதிர்த்த வெள்ளைப்படைப் பக்கம்) என்று கோடு போடவும் முடியாது.

குதிரைப் பண்ணைகள் பற்றி அடிக்கடி வருகிறதே. அவை யாருடையவை?

மாவட்டத்தின் பெரும் நிலப்பரப்பு எந்த ஸ்தனீத்சாவுக்கும் சொந்தமில்லாத படை நிலம். அதைக் குதிரை வளர்ப்பவர்களுக்குக் குறைந்த குத்தகைக்கு விட்டார்கள். நிபந்தனை, குதிரைப்படைக்குத் தகுதியான குதிரைகளைத் தர வேண்டும். இந்தப் பண்ணைகளுக்கு 'ஸிமோவ்னிக்' என்று பெயர். குதிரைகள் மந்தை மந்தையாகத் திறந்தவெளியில் வளரும். குளிர்காலத்துக்கு மட்டும் கொட்டகையும் வைக்கோல் போரும். பொன்னிறத்தில் மின்னும் டான் குதிரை இந்தப் புல்வெளியின் பிள்ளை. ஸிமோவ்னிகி என்ற ஊர் இன்றும் அதே பெயரில் ரயில்பாதையோரம் இருக்கிறது.

1917-இல் என்ன ஆனது? கொசாக்குகள் எல்லோரும் வெள்ளைப்படையில் சேர்ந்தார்களா?

1917 கோடையில், ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, கொசாக்குகள் தங்கள் படை அத்தமானைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். அவர் அலெக்ஸெய் கலேதின். அக்டோபர் புரட்சிக்குப் பின் சோவியத் அரசு வகுப்புகளை எல்லாம் ஒழித்தது. கலேதின் 1918 ஜனவரியில் கொசாக்குகளும் கொசாக் அல்லாதவர்களும் சம எண்ணிக்கையில் உட்காரும் அரசு ஒன்றை அமைத்துப் பார்த்தார். பல பத்தாண்டு தாமதம். போர்முனையிலிருந்து திரும்பிய இளம் கொசாக்குகளுக்குச் சண்டையே அலுத்துப்போயிருந்தது, அவரைக் காக்க ஆள் வரவில்லை. சில வாரங்களில் அவர் தன்னையே சுட்டுக்கொண்டார்.

எனவே எல்லோரும் என்பது தவறு. தொடக்கத்தில் பலர் நடுநிலை, சிலர் செம்படை. 1919 ஜனவரியில் போல்ஷெவிக் மத்தியக் குழுவிலிருந்து வந்த ஒரு சுற்றறிக்கை, வசதியான கொசாக்குகளை ஒட்டுமொத்தமாக அழிக்கச் சொன்னது. அதுவே நடுவில் நின்ற பலரை எதிர்ப்பக்கம் தள்ளியது. இந்த வெறுப்பு இரு பக்கமும் எவ்வளவு ரத்தம் குடித்தது என்பதைச் சால்ஸ்க் ஊர்கள் நன்றாக அறியும்.

உள்நாட்டுப் போரில் சால்ஸ்க் ஏன் இவ்வளவு முக்கியமானது?

குதிரையும் வைக்கோலும் அங்கே இருந்ததால். 1918 பிப்ரவரியில் நோவோசெர்க்காஸ்க் செம்படையிடம் விழுந்தபோது தளபதி பியோத்தர் பப்போவ் கொஞ்சம் கொசாக்குகளோடு சால்ஸ்க் புல்வெளிக்குப் போனார். குளிர்காலத்தைக் கடத்த ஸிமோவ்னிக்குகள் போதும் என்பது அவர் கணக்கு. வசந்தத்தில் சோவியத் ஆட்சிக்கு எதிராக டானில் எழுச்சி வெடித்ததும் திரும்பி வந்தார். வரலாற்றில் இது புல்வெளிப் படைப்பயணம் எனப்படுகிறது. அதே நாட்களில் பிளாத்தோவ்ஸ்கயாவில் புத்யோன்னி ஒரு சிறு குழுவைத் திரட்டி எதிர்ப்பக்கம் போரிடத் தொடங்கினார்.

1919 மே மாதம் தளபதி விராங்கெலின் குதிரைப்படை வெலிகோக்னியாஜெஸ்கயாவைச் செம்படையிடமிருந்து கைப்பற்றியது. 1920 பிப்ரவரியில் தளபதி பாவ்லோவின் வெள்ளைக் குதிரைப்படை கடுங்குளிரில் இந்தத் திறந்த புல்வெளியைக் கடக்க முயன்று, சண்டைக்கு முன்பே பெருமளவு ஆட்களையும் குதிரைகளையும் பனிக்குப் பறிகொடுத்தது.

கல்மிக் கொசாக்குகள் அப்புறம் எங்கே போனார்கள்?

பெரும்பாலோர் வெள்ளைப் பக்கம் நின்றவர்கள். டான் படையில் அவர்களுக்கென்று 80-ஆம் ஜுங்கார் ரெஜிமெண்ட் இருந்தது. தோல்வி நெருங்கியபோது, 1920-இன் தொடக்கத்தில், ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு கருங்கடல் துறைமுகமான நோவரஸ்ஸீஸ்குக்குப் போனார்கள். கப்பலில் இடம் கிடைத்தது கொஞ்சம் பேருக்குத்தான். தப்பியவர்களில் ஒரு பகுதியினர் பெல்கிரேடில் தங்கி, 1929-இல் அங்கே ஒரு பௌத்தக் கோயிலைக் கட்டி முடித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அகதி முகாம்களில் இருந்தவர்கள் 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் குடியேறினார்கள். அவர்களுடைய கோயில்கள் இன்றும் அங்கே இருக்கின்றன.

ஊரில் மிஞ்சியவர்களில் பலர் 1920-களில் கல்மிக் சுயாட்சிப் பகுதிக்கு மாற்றப்பட்டார்கள். எஞ்சியவர்களுக்காக 1929-இல் சால்ஸ்க் புல்வெளியில் கல்மிக் வட்டாரம் ஒன்று அமைந்தது. 1943 டிசம்பர் இறுதியில் ஸ்டாலின் அரசு கல்மிக் இனத்தையே சைபீரியாவுக்கு நாடுகடத்தியது. ரஸ்தோவ் மாநிலத்துக் கல்மிக்குகளின் முறை 1944 மார்ச்சில் வந்தது. வட்டாரம் கலைக்கப்பட்டது. செம்படையில் வீரப் பதக்கம் வாங்கியவர்களும் அந்த ரயில்களில் ஏற்றப்பட்டார்கள்.

இன்றைக்கு வரைபடத்தில் சால்ஸ்க் மாவட்டம் இருக்கிறதா?

ரஸ்தோவ் மாநிலத்தில் சால்ஸ்க் என்ற பெயரில் ஒரு வட்டாரம் இருக்கிறது. ஆனால் அது பழைய மாவட்டத்தின் ஒரு துண்டுதான். சோவியத் காலத்தில் 1924 முதல் 1930 வரையும் சால்ஸ்க் மாவட்டம் என்று ஒன்று இருந்தது. அதன் எல்லைகள் வேறு, அதற்கும் கொசாக் நிர்வாகத்துக்கும் தொடர்பில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போதுதான் மக்கள்தொகை எண்கள் தாறுமாறாகத் தெரிகின்றன.

இப்போதும் ரஷ்யாவில் கொசாக் சங்கங்களும் அத்தமான்களும் இருக்கிறார்களே. அது இதன் தொடர்ச்சியா?

பெயரும் சீருடையும் தொடர்கின்றன. 2005-இல் கொசாக்குகளின் அரசுப் பணி பற்றி ஒரு சட்டமும் வந்தது. ஆனால் மேலே பார்த்த அமைப்பின் அடித்தளம் மூன்று: பிறப்புவழி வகுப்பு, பொது நிலம், கட்டாயச் சேவை. இன்றைய சங்கங்களில் விருப்பப்பட்டவர்கள் சேர்கிறார்கள். எனவே முன்னோரின் நினைவைப் போற்றுகிறவர்கள் என்று சொல்லலாம், அதே நிர்வாகத்தின் தொடர்ச்சி என்று சொல்ல முடியாது.

என்னிடம் ஒரு பழைய ஆவணத்தில் 'சால்ஸ்க் மாவட்டம், தெனிசோவ்ஸ்கயா ஸ்தனீத்சா' என்றிருக்கிறது. அந்த ஆள் கல்மிக் கொசாக் என்று முடிவு செய்யலாமா?

அவசரப்பட வேண்டாம். ஊர் கல்மிக் ஊர்தான். ஆனால் அங்கே யாரெல்லாம் வாழ்ந்தார்கள் என்று மேலே பார்த்தோம். புத்யோன்னியின் பிறப்பிடத்தையும் இப்படித்தானே எழுத வேண்டியிருக்கும்? வகுப்பு என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கொசாக் என்றிருந்தால் ஒரு விஷயம் தெளிவு. விவசாயி, நகரவாசி என்றிருந்தால் அவர் வெளியூர்க்காரர், கூடவே பூர்விக மாகாணத்தின் பெயரும் இருக்கும். மதம் பௌத்தம் என்றிருந்தால் கல்மிக் என்பது ஏறக்குறைய உறுதி. கிறிஸ்தவம் என்றிருந்தால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது, மதம் மாறிய கல்மிக்குகளும் உண்டு. அப்போது பெயரையும் தந்தை பெயரையும் பாருங்கள்.